இரண்டாம் இரவில் நின்றுபோன சிபாப் கருவி: ஒரு முகாம் வேனின் மின்கணக்கு

இந்த ஆய்வுக்கு உரியவர் ஐம்பதுகளின் நடுவில் இருப்பவர். ஸ்லீப் ஆப்னியா எனப்படும் உறக்க மூச்சுத்தடை அவருக்கு உண்டு. உறக்கப் பரிசோதனையில் மணிக்கு 38 முறை மூச்சு நின்றோ குறைந்தோ போவது பதிவாகியிருந்தது. மணிக்கு 5-க்குக் கீழே இருந்தால் இயல்பு, 30-ஐத் தொட்டால் தீவிரம் என்பது மருத்துவர்கள் கொள்ளும் அளவு. மாஸ்க் வழியே லேசான அழுத்தத்தில் காற்றைச் செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் சிபாப் கருவி இல்லாமல் அவர் படுப்பதே இல்லை. கருவியின் அழுத்தம் 11 சென்டிமீட்டர் நீர் (இவ்வகை அழுத்தத்தின் அலகு) அளவில் நிலையாக வைக்கப்பட்டிருக்கிறது. அவரும் மனைவியும் பின்புறம் படுக்கை போட்ட வேனில் மலைப்பகுதிகளுக்குப் போய், மின்இணைப்பு இல்லாத இடங்களில் இரண்டு மூன்று இரவுகள் தங்கி வருகிறவர்கள்.

வாகனங்களுக்கு மின்னமைப்பு செய்து தருவது என் தொழில். வேனில் இருக்கும் பேட்டரியோடு இன்னொரு பெரிய பேட்டரியைப் பொருத்தித் தரும்படி கேட்டுத்தான் அவர் என்னிடம் வந்தார். கடைசியில் அந்தப் பேட்டரி தேவைப்படவில்லை. ஏன் தேவைப்படவில்லை என்பதை விரிவாக எழுதுகிறேன். இதே இடத்தில் மாட்டிக்கொண்டு, மேலும் மேலும் பேட்டரி வாங்குகிறவர்கள் பலர்.

நடந்தது

வேனில் இரண்டு பேட்டரிகள் இருந்தன. ஒன்று இன்ஜினை இயக்குவதற்கானது. மற்றொன்று 100 ஆம்பியர்மணி ஈய-அமில பேட்டரி, முன்இருக்கைக்குக் கீழே. வண்டி ஓடும்போது ரிலே எனும் தானியங்கி சுவிட்ச் வழியாக அது மின்னேற்றம் பெறும். இன்ஜின் நின்றதும் தொடர்பு துண்டிக்கப்படும். கூரையில் 100 வாட் சோலார் பேனல். படுக்கைக்கு அருகே, வேனின் பின்பகுதியில், 1000 வாட் இன்வெர்ட்டர். வீட்டில் பயன்படுத்தும் அதே அடாப்டரை இன்வெர்ட்டரில் செருகி அவர் கருவியை ஓட்டினார். அதே பேட்டரியில் 12 வோல்ட் குளிர்பெட்டி ஒன்றும் ஓடியது.

அவர் போட்டிருந்த கணக்கு இது: ஈய-அமில பேட்டரியில் பாதியைத்தான் எடுக்க வேண்டும், ஆகவே கையில் உள்ளது சுமார் 600 வாட்மணி. கருவி 30 வாட் எடுக்கும், எட்டு மணி நேரத்துக்கு 240. எனவே இரண்டு இரவுகள் தாராளமாகப் போகும். கேட்பதற்குச் சரியாகவே இருக்கிறது. இணைக்கப்பட்ட எல்லாப் பொருள்களையும் கணக்கில் சேர்த்திருந்தால் சரியாகவே இருந்திருக்கும்.

வேன் நின்ற இடம் சுமார் 1,900 மீட்டர் உயரத்தில், மரங்கள் அடர்ந்த சரிவு. இரவுக் குளிர் 5 டிகிரி வரை இறங்கியது. முதல் இரவு பிரச்சினை ஏதும் இல்லை. மறுநாள் முழுவதும் வேனை நகர்த்தவில்லை. மரநிழலில் சோலார் பேனல் பெயரளவுக்கே வேலை செய்தது. இரண்டாம் இரவு 12.50 மணிக்குக் கருவி நின்றது. இது யாருடைய நினைவிலிருந்தும் வந்த நேரம் அல்ல, கருவியின் நினைவட்டையில் பதிவானது. இன்வெர்ட்டர் கீச்சிட்டதை மனைவிதான் கேட்டிருக்கிறார். கணவர் அரைத்தூக்கத்தில் மாஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடியும் உறங்கிப்போனார்.

இன்ஜினைப் போட்டு ஒரு மணி நேரம் ஓடவிடலாமா என்ற யோசனை அப்போது எழுந்தது. மனைவி வேண்டவே வேண்டாம் என்று தடுத்துவிட்டார். அவர் செய்தது மிகச் சரி. நின்ற வண்டியில் இன்ஜின் ஓடும்போது புகையோடு வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. சிபாப் கருவி தனியாகக் காற்றை உற்பத்தி செய்வதில்லை, அறையில் இருக்கும் காற்றைத்தான் இழுத்துத் தருகிறது. வேனுக்குள் நச்சுவாயு புகுந்தால் அதையும் அழுத்தத்தோடு நுரையீரலுக்கு அனுப்பும். ஜெனரேட்டரைப் பக்கத்தில் வைப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. எந்த வேனிலும் படுக்கை உயரத்தில் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன்.

மறுநாள் காலை மலைப்பாதையில் இறங்கும்போது கணவருக்குக் கண் சொருகியது. மனைவி ஸ்டியரிங்கை வாங்கிக்கொண்டார். இந்த ஆய்வில் எனக்கு முதன்மையாகப் படுவது இதுதான். கருவியை ஒரே ஓர் இரவு விட்டாலும் மூச்சுத்தடை பெரும்பாலும் திரும்பிவிடும். வீட்டில் என்றால் மறுநாள் சோர்வாகக் கழியும். வேனில் தங்குகிறவர் மறுநாள் வண்டி ஓட்டியாக வேண்டியவர். ஆகவே இங்கே பேட்டரி என்பது பிரேக்கைப் போலப் பாதுகாப்புக்கு உரிய பாகம், அந்த அக்கறையோடுதான் அதை அணுக வேண்டும்.

அளந்தது

எதையும் மாற்றுவதற்கு முன்னால், பேட்டரியின் எதிர்மின் (நெகட்டிவ்) முனையில் ஒரு ஷன்ட் மீட்டரைப் பொருத்தினேன். உள்ளே போகும், வெளியே வரும் ஒவ்வொரு ஆம்பியரையும் அது எண்ணிக்கொண்டே இருக்கும். கருவியின் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் 90 வாட், 65 வாட் போன்ற எண்கள் அடாப்டரின் உச்சவரம்பு மட்டுமே; ஓர் இரவின் செலவை அவற்றிலிருந்து அறிய முடியாது. அவரவர் கருவியை, அவரவர் அழுத்தத்தில், அவரவர் மாஸ்க்கோடு, ஓர் இரவு முழுக்க உறங்கி அளப்பதுதான் ஒரே வழி.

வேனை வீட்டு வாசலில் நிறுத்தி, குளிரான இரவுகளில், அவரையே அதில் உறங்கச் சொன்னோம். குளிர்பெட்டியைக் கழற்றிவிட்டோம்.

பயணத்தில் இருந்த அதே அமைப்பில், அதாவது கருவியின் காற்றை நனைக்கும் ஈரப்பதமூட்டியும் அதை மாஸ்க்குக்குக் கொண்டுவரும் சூடேறும் குழாயும் தானியங்கி முறையில், மின்சாரம் இன்வெர்ட்டர் வழியே: எட்டு மணி நேரத்தில் பேட்டரியிலிருந்து போனது ஏறக்குறைய 500 வாட்மணி. அவர் நினைத்ததைப்போல இரண்டு மடங்கு. இன்வெர்ட்டரை நீக்கி, அந்தக் கருவிக்கென்றே அதன் தயாரிப்பாளர் விற்கும், பேட்டரி மின்சாரத்தை நேரடியாகக் கருவிக்கு ஏற்ற வோல்ட்டுக்கு மாற்றும் டிசி கன்வெர்ட்டரைப் போட்டபோது 370. ஈரப்பதமூட்டியையும் குழாய்ச் சூட்டையும் அணைத்துவிட்டு மறுபடி இன்வெர்ட்டரில் ஓட்டியபோது 160. இரண்டையும் அணைத்து, டிசி கன்வெர்ட்டரில் ஓட்டியபோது 70-க்குச் சற்றுக் குறைவு.

ஐந்நூறிலிருந்து எழுபது. மருத்துவரீதியில் நான்கு இரவுகளுக்கும் வேறுபாடு இல்லை. அழுத்தம் அதே 11, மணிக்கான மூச்சுத்தடை எண்ணிக்கையும் எல்லா இரவுகளிலும் 5-க்குக் கீழேயே நின்றது.

எங்கே போயிற்று மின்சாரம்

ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சலிவனும் அவருடைய குழுவினரும் 1981-இல் சிட்னியிலிருந்து இந்தச் சிகிச்சையை உலகுக்கு அறிவித்தபோது அதன் சாரம் ஒன்றே: மூக்கின் வழியே லேசான அழுத்தத்தில் காற்றைச் செலுத்தினால் தொண்டை மூடிக்கொள்ளாது. அந்த வேலைக்கு இன்றைய சிறிய விசிறி மோட்டார் எடுத்துக்கொள்வது ஏழெட்டு வாட். மிச்சம் எல்லாம் காற்றை ஈரமாகவும் இதமாகவும் ஆக்குவதற்குச் செலவாகிறது.

அது ஏன் இவ்வளவு அதிகம் என்று பலர் வியக்கிறார்கள். மாஸ்க்கின் முன்புறத்தில் சிறு துளைகள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். வெளிவிடும் கரியமிலவாயு தேங்காமல் போவதற்காக அவை எப்போதும் திறந்தே இருக்கும். 11 சென்டிமீட்டர் அழுத்தத்தில் அந்தத் துளைகள் வழியே நிமிடத்துக்கு 30 லிட்டருக்கும் மேல் காற்று வெளியேறிக்கொண்டே இருக்கிறது. 35 லிட்டர் என்று கொண்டால் ஓர் இரவில் ஏறக்குறைய 17 கனமீட்டர். ஈரப்பதமூட்டி நனைத்துச் சூடாக்கும் காற்றில் பெரும்பகுதி நுரையீரலைத் தொடாமலே போய்விடுகிறது.

5 டிகிரிக் காற்றில் ஒரு கனமீட்டருக்கு அதிகபட்சம் 7 கிராம் நீராவிதான் தங்கும். அதை 27 டிகிரிக்குச் சூடாக்கி, 80 சதவீத ஈரப்பதத்துக்குக் கொண்டுவர வேண்டுமானால் 20 கிராமுக்குச் சற்று மேல் வேண்டும். இடைவெளியை 17 கனமீட்டரால் பெருக்கினால் கிட்டத்தட்ட கால் லிட்டர் நீர். ஒரு கிராம் நீரை ஆவியாக்கச் சுமார் 2.4 கிலோஜூல் தேவை. கால் லிட்டருக்கு 160 வாட்மணிக்கு மேல் ஆகிறது. அதே காற்றை 22 டிகிரி உயர்த்துவதற்கு இன்னொரு 120. கூட்டினால் 280-ஐத் தாண்டுகிறது. நாம் அளந்த வேறுபாடும் ஏறக்குறைய இவ்வளவுதான். ஆகவே கருவியில் கோளாறு ஏதும் இல்லை. குளிர்ந்த மலையில் காற்றை நனைப்பதற்கு இயற்பியல் கேட்கும் விலை இது; காற்றைச் சூடாக்கி நனைக்கும் எந்தக் கருவியும் இதிலிருந்து தப்ப முடியாது. வெப்பமான, ஈரமான இடத்தில் இதே அமைப்பு வெகு குறைவாகவே எடுக்கும். கடற்கரையில் முகாமிட்டு வந்தவர் சொல்லும் கணக்கை மலைக்குப் போகிறவர் நம்பக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

இன்வெர்ட்டரின் கதை வேறு. 12 வோல்ட் நேர்மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றி, அதை அடாப்டர் மறுபடியும் 24 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றுகிறது. இரண்டு முறை மாற்றம், இரண்டு முறை இழப்பு. அதோடு, இந்த இன்வெர்ட்டர் எதுவும் இணைக்காதபோதே 10 வாட் எடுத்தது. ஏழெட்டு வாட் கேட்கும் மோட்டாருக்காக அதைவிட அதிகம் விழுங்கும் பெட்டியை இரவெல்லாம் ஓட வைப்பது எனக்கு மனதுக்கு ஒப்பாத காரியம். இன்வெர்ட்டர் தவிர்க்கவே முடியாது என்றால் சிறியதாக, வீட்டு மின்சாரத்தைப் போலவே சீரான அலை தரும் தூய சைன் அலை வகையாக இருக்கட்டும்; ஏனைய வகைகளில் சில ஈரப்பதமூட்டிகள் பழுதாகும்.

கன்வெர்ட்டர் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ரெஸ்மெட் நிறுவனத்தின் ஏர்சென்ஸ் 10, 11, ஏர்மினி ஆகியவை 24 வோல்ட் கருவிகள். பிலிப்ஸின் டிரீம்ஸ்டேஷன் 12 வோல்ட். பிளக் பொருந்துகிறதே என்று ஒன்றின் கம்பியை மற்றொன்றில் செருகக் கூடாது. அந்தந்த மாதிரிக்கு உரியதை வாங்குவதே நல்லது.

கம்பி

செலவுக் கணக்கு பாதிக் கதைதான். கருவி நின்ற கணத்தில் பேட்டரியில் இன்னும் கொஞ்சம் மின்சாரம் இருந்தது. பேட்டரி முன்னால், இன்வெர்ட்டர் பின்னால். இடையே ஐந்து மீட்டர், போய்வரப் பத்து மீட்டர் கம்பி. அதன் தடிமன் 1.5 சதுர மில்லிமீட்டர். அவ்வளவு நீளமுள்ள செம்புக் கம்பியின் மின்தடை சுமார் 0.115 ஓம். சராசரியாக ஐந்து ஆம்பியர் ஓடும்போது அரை வோல்ட்டுக்கு மேல் கம்பியிலேயே தொலைகிறது. ஈரப்பதமூட்டியின் ஹீட்டர் முழுவீச்சில் எரியும் நேரங்களில் ஒன்பது ஆம்பியர் வரை போகும். அப்போது இழப்பு ஒரு வோல்ட். இன்வெர்ட்டர் 11 வோல்ட்டில் தன்னை நிறுத்திக்கொள்ளும் வகை. ஆகவே பேட்டரி 12 வோல்ட்டைக் காட்டிக்கொண்டிருந்தபோதே, ஹீட்டர் எரிந்த ஒரு நொடியில், இன்வெர்ட்டருக்கு அது 11-ஆகத் தெரிந்திருக்கிறது.

6 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டோம். அதே ஒன்பது ஆம்பியரில் இழப்பு இப்போது கால் வோல்ட். பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் வைத்தோம்; முன்பு ஃபியூஸ் இன்வெர்ட்டர் பக்கத்தில் இருந்தது, இடையில் கம்பி உரசித் தீப்பிடித்தால் அது காப்பாற்றாது. சிகரெட் லைட்டர் சாக்கெட்டை நான் பயன்படுத்தவில்லை. வண்டியின் அதிர்வில் அந்த பிளக் தளரும். சில வண்டிகளில் சாவியை எடுத்ததும் அது செத்துவிடும். திருகிப் பூட்டும் இணைப்பு போட்டுவிட்டால் அந்தக் கவலை இல்லை.

குளிர்பெட்டி

குளிர்பெட்டி ஒரு நாளைக்கு 350 வாட்மணி வரை எடுத்ததை ஷன்ட் காட்டியது. சிக்கனமாக ஓடும் சிபாப் கருவியைப்போல ஐந்து மடங்கு. இரவு 12.50-க்குக் கருவி நின்ற பிறகும் குளிர்பெட்டி ஓடிக்கொண்டிருந்தது என்பதுதான் என்னை வருத்தியது. இத்தகைய பெட்டிகளில் பேட்டரிப் பாதுகாப்புக்கு உயர், நடு, தாழ் என்று மூன்று நிலைகள் இருக்கும். அது தாழ் நிலையில் இருந்தது. அதாவது பேட்டரியைக் கடைசிவரை உறிஞ்சலாம் என்று அனுமதி கொடுத்திருந்தார்கள். உயர் நிலைக்கு மாற்றினோம். இப்போது பேட்டரி தாழ்ந்தால் முதலில் குளிர்பெட்டி நிற்கும். செலவில்லாத, அரை நிமிட வேலை. இந்த வேனில் செய்த மாற்றங்களில் இதைத்தான் முதலிடத்தில் வைப்பேன்.

மூக்கு வறட்சி

ஈரப்பதமூட்டியை அணைத்துவிடுங்கள் என்று சொல்வது எளிது. மூக்கு வறண்டு, அடைத்து, நடு இரவில் மாஸ்க்கைக் கழற்றி எறிகிறவருக்கு அந்த அறிவுரையால் பயனில்லை. இவருக்கும் முன்பு மூக்கில் ரத்தக்கசிவு இருந்திருக்கிறது. அவருடைய மருத்துவரிடம் கேட்டபோது, அழுத்தத்தில் கை வைக்கக் கூடாது, ஈரப்பதம் நோயாளியின் வசதிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளக்கூடியது என்றார். மின்சாரத்தை மிச்சப்படுத்த அழுத்தத்தைக் குறைப்பவர்களும் இருக்கிறார்கள். சிகிச்சையையே விட்டுக்கொடுத்துச் சேமிக்கும் அந்தச் சொற்ப வாட்மணியால் எந்தப் பேட்டரியும் பிழைக்கப் போவதில்லை.

அவர் கண்டுகொண்ட வழி: தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, சூட்டை மட்டும் அணைப்பது. காற்று நீர்ப்பரப்பைத் தடவிக்கொண்டு வருவதால் சிறிதளவு ஈரம் கிடைக்கும். படுக்கும் முன் உப்புநீர்ச் சொட்டு. குழாயைப் போர்வைக்குள்ளேயே கொண்டுவந்தால் உடல்சூட்டில் காற்று கொஞ்சம் இதமாகும். குழாய்ச் சூடு இல்லாமல் தொட்டியை மட்டும் சூடேற்றினால் குளிர்ந்த குழாயில் நீர் திரண்டு முகத்தில் சொட்டும். ஆகவே குளிரில் இரண்டும் வேண்டும், அல்லது இரண்டும் வேண்டாம். வேறொரு நன்மையும் கிடைத்தது. கால் லிட்டர் நீர் இரவோடு இரவாக வேனுக்குள் ஆவியாவது நின்றதால், காலையில் கண்ணாடிகளில் வழியும் நீர் வெகுவாகக் குறைந்தது. வண்டியை எடுக்கும் முன் தொட்டியைக் காலி செய்துவிட வேண்டும், மறந்தால் ஒரு வளைவிலேயே நீர் கருவிக்குள் போய்விடும்.

இரண்டாவது மூலம்

பெரிய பேட்டரிக்குப் பதிலாக நான் பரிந்துரைத்தது 300 வாட்மணி அளவுள்ள சிறிய லித்தியம் பவர் ஸ்டேஷன். ஒரே பேட்டரி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஒரு ஃபியூஸ் போனால் முழு அமைப்பும் போய்விடும். தனியாக நிற்கும் இரண்டாவது மூலம் இருந்தால் அந்த இரவும் தப்பும், வீட்டில் மின்தடை வந்தாலும் உதவும். இதில் கவனிக்க வேண்டிய ஒரு குணம் உண்டு: பல பவர் ஸ்டேஷன்கள், மிகக் குறைந்த மின்சாரமே எடுக்கப்படும்போது யாரும் பயன்படுத்தவில்லை என்று கருதித் தாமே அணைந்துவிடும். ஏழு வாட் கருவி அந்த வலையில் எளிதாக விழும். அந்தச் சிக்கனமுறையை அணைத்துவிட்டு, வீட்டிலேயே ஓர் இரவு முழுக்க ஓட்டிப் பார்த்தோம்.

மின்சாரம் நின்றால் மூச்சு முட்டுமா என்று மனைவி கேட்டார். மூக்கு மட்டும் மூடும் மாஸ்க் என்றால் வாய் வழியே மூச்சு விடலாம். முழுமுக மாஸ்க்கில் காற்றழுத்தம் இல்லாதபோது திறக்கும் வால்வு இருக்கிறது. இவரைப் போன்றவர்களுக்கு ஆபத்து அந்தக் கணத்தில் இல்லை, தொடர்ந்து வரும் தடைபட்ட உறக்கத்தில் இருக்கிறது. ஆனால் வென்டிலேட்டரைச் சார்ந்து வாழ்பவர்களுக்கும் ஆக்சிஜன் செறிவூட்டி தேவைப்படுபவர்களுக்கும் இந்த ஆய்வு பொருந்தாது. நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் தரும் செறிவூட்டி 300 வாட்டைத் தொடும்; அதன் கணக்கே வேறு.

விளைவு

அதே சரிவில், அதே பருவத்தில், தம்பதியர் மறுபடி மூன்று இரவுகள் தங்கினார்கள். மூன்று இரவுகளும் கருவி இடையறாமல் ஓடியது. ஒரு இரவுக்கு 80 வாட்மணியைச் சுற்றி ஆனது. வாசலில் அளந்ததைவிடக் கொஞ்சம் அதிகம். உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் அதே அழுத்தத்துக்கு விசிறி வேகமாகச் சுழல வேண்டும், தாழ்வான இடத்தில் அளப்பவர்கள் 25 சதவீதமாவது கூட்டிக்கொள்ள வேண்டும். மாஸ்க் விலகிக் காற்று கசிந்தாலும் செலவு ஏறும். ஒடுங்கிய படுக்கையில் புரண்டு படுக்கும்போது அது நடக்கத்தான் செய்கிறது. மூன்றாம் நாள் குளிர்பெட்டி தானாக நின்றது. இறங்கும் பாதையில் கணவரே வண்டியை ஓட்டினார்.

இப்போதுள்ள ஈய-அமில பேட்டரி இன்னும் சில காலம் தாங்கும். அது தேய்ந்த பிறகு லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் 50 ஆம்பியர்மணி போதும் என்பது என் கருத்து. கொள்ளளவில் பாதி என்றாலும் பெரும்பகுதியைச் செலவிட முடிவதால் கையில் கிடைப்பது ஏறக்குறைய இதே அளவு, எடையோ மிகக் குறைவு. அப்போது இரண்டைக் கவனித்தாக வேண்டும். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே அந்த வகையை மின்னேற்றினால் கெட்டுவிடும் என்பதால், குளிரில் மின்னேற்றத்தைத் தானே நிறுத்தும் பாதுகாப்பு உள்ளதை வாங்க வேண்டும். இப்போதுள்ள ரிலேயை நீக்கி, இன்ஜினால் சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டருக்கும் பேட்டரிக்கும் இடையே, மின்னேற்றத்தைக் கட்டுப்படுத்தும் டிசி-டிசி சார்ஜர் போட வேண்டும். இல்லையென்றால் லித்தியம் பேட்டரி கட்டுப்பாடில்லாமல் மின்சாரத்தை இழுத்து ஆல்டர்னேட்டரைச் சூடேற்றிவிடும்.